கிலோமீட்டரை நம்பி மலைப்பாதையைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: ஜூன் இறுதியில் சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நான்கு நாட்கள் தங்கப் போகிறோம். அப்பாவுக்கு வயது 64, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 9 வயது. நான் தினமும் ஓடுபவன். 4, 5 கிலோமீட்டர் பாதைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் சேர்ந்து நடக்கலாம்தானே?

பதில்: கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்குள்ள மியூரன் கிராமத்திலிருந்து கிம்மெல்வால்டு கிராமத்துக்கு இறங்கும் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சாலை, தூரமும் கொஞ்சம்தான். ஆனால் 1638 மீட்டரிலிருந்து சுமார் 1360 மீட்டருக்கு இறங்க வேண்டும். உங்கள் மகள் துள்ளிக்கொண்டு ஓடிவிடுவாள். அப்பாவுக்கோ அன்றிரவு படியேறுவதே பெரும்பாடாகிவிடும். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், சற்று உட்கார்ந்தால் அது திரும்பிவிடும். இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் முழங்காலில் இறங்குகிறது. உட்கார்ந்து எழுந்தாலும் அந்த வலி போகாது. எனவே உங்கள் குடும்பத்துக்கு என் ஒரே விதி: காலால் ஏறுங்கள், வண்டியில் இறங்குங்கள். ரயிலும் கேபிள் காரும் இவ்வளவு நெருக்கமாக ஓடும் அந்தப் பள்ளத்தாக்கில் இது எளிது.

முதல் நாள் பள்ளத்தாக்கின் தரையிலேயே நடங்கள். லவுட்டர்புருன்னனிலிருந்து ஷ்டெக்கல்பெர்க் வரை சுமார் 6 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 100 மீட்டரை ஒட்டித்தான். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவுப்பாக் அருவி தொடக்கத்திலேயே வந்துவிடும். களைத்தால் பஸ்ஸில் திரும்பலாம்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த பாதை. கேபிள் காரில் க்ரூட்ஷ்ஆல்ப் (1486 மீட்டர்) போய், அங்கிருந்து மியூரனுக்கு நடங்கள். நான்கரை கிலோமீட்டர் அளவில் சுமார் 150 மீட்டர்தான் ஏற்றம். எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். பாதையை ஒட்டியே சிறு ரயில் போகிறது. நடுவில் விண்டெரெக் நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். அப்பா "போதும்" என்று தயங்காமல் சொல்ல முடிகிற பாதைதான் அவருக்கு ஏற்ற பாதை. திசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஏற்றம் இறக்கமாகிவிடும்.

மென்லிக்கன் மலையிலிருந்து கிளைனே ஷைடெக் கணவாய்க்குப் போகும் அகலமான பாதை இறக்கம்தான், ஆனால் மிக மெல்லிய இறக்கம்; நடைக்கோல் இருந்தால் அப்பா சமாளிப்பார். 2000 மீட்டருக்கு மேலே ஜூனிலும் பனி கிடக்கக்கூடும். பாதை திறந்திருக்கிறதா என்று காலையில் நிலையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வழிகாட்டிப் பலகைகளின் நிறத்தையும் கவனியுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை தெரிந்தால் மலைப்பாதை: செங்குத்தாகவோ குறுகலாகவோ இருக்கலாம், உறுதியான காலும் உயரத்துக்கு அஞ்சாத மனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை அதைவிடக் கடினமான உயர்மலைப் பாதை, உங்கள் யாருக்கும் வேண்டாம். பலகைகளில் பெரும்பாலும் தூரத்துக்குப் பதில் நேரமே எழுதியிருக்கும். ஓய்வு அதில் சேராது. குழந்தையோடும் பெரியவரோடும் போகும்போது அந்த நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கென்று ஒரு நாள் கிடைத்தால் ஷ்டெக்கல்பெர்க்கிலிருந்து (910 மீட்டர்) ஓபர்ஹோர்ன் ஏரி (2065 மீட்டர்) பக்கம் போகலாம். மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம் என்பது மலை நடையில் வழக்கமான கணக்கு. அதன்படி 1155 மீட்டர் ஏறவே ஏறத்தாழ நான்கு மணி நேரம், இறங்க இரண்டே கால் மணி நேரத்துக்குக் குறையாது. தூரத்துக்கான நேரம் வேறு. சமதரையில் ஓடிப் பழகிய கால் ஏற உதவும், இறக்கத்தில் தொடை நடுங்கும். இடையில் பனி மறித்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கோடையில் பிற்பகல்களில் இடிமழை சகஜம் என்பதால் ஏழு மணிக்குள் கிளம்புங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அப்பாவிடம் எழுதிக் கொடுங்கள். அதே தாளில் வான்வழி மீட்புக்கான 1414 என்ற எண்ணும் இருக்கட்டும்.