ஒற்றை மூலக்கூறின் ஒளியும் டி.என்.ஏ. அளவுகோலும்: வாசகர் கேள்விகள்

மூனிச் நகரின் லூட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வேதியியல் பேராசிரியராக இருக்கும் பிலிப் டின்னெஃபெல்ட், தனித்தனி மூலக்கூறுகள் உமிழும் ஒளியை அளப்பதற்கு டி.என்.ஏ.வைக் கட்டுமானப் பொருளாகப் பயன்படுத்தி வருபவர். அவருடைய குழு டி.என்.ஏ.வால் அளவுகோல் அமைத்ததையும், கைப்பேசிக் கேமராவால் ஒற்றை மூலக்கூறைக் கண்டறிந்ததையும் பற்றி இப்பகுதியில் முன்பு வெளியான சிறு குறிப்பைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காண முடியாது என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அப்படியிருக்க, ஓரிரு நானோமீட்டரே உள்ள ஒரு மூலக்கூறைத் தனியாகப் பார்ப்பது எவ்வாறு இயலும்?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்லித் தருவது சரியே. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 1873-ல் வகுத்த அந்த வரம்பு, நெருங்கியிருக்கும் இரண்டு பொருள்களை இரண்டாகப் பிரித்துக் காண்பதற்கான வரம்பு. ஒரு பொருளிலிருந்து ஒளி வருகிறதா, இல்லையா என்று அறிவதற்கு அது தடையாக நிற்பதில்லை. பக்கத்தில் வேறொன்றும் ஒளிராத நிலையில், ஒற்றை மூலக்கூறும் நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள ஒளிப்புள்ளியாகத் தெரியும். போதுமான ஃபோட்டான்கள் கிடைத்தால், அந்தப் புள்ளியின் மையத்தைச் சில நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிட்டுவிடலாம்.

உண்மையான சிக்கல் பின்னணி வெளிச்சம்தான். ஒரு சாய மூலக்கூறின் மீது லேசர் ஒளி படும்போது, அது அந்த ஆற்றலை ஏற்றுச் சில நானோவிநாடிகளுக்குள் சற்றே நீண்ட அலைநீளமுடைய ஒளியாக உமிழ்கிறது. உடனொளிர்வு என்பது இதுவே. இவ்வாறு நிறம் மாறி வருவதால் லேசர் ஒளியை வடிகட்டியால் தடுத்துவிட முடிகிறது. எனினும், சுற்றிலும் உள்ள எண்ணற்ற கரைப்பான் மூலக்கூறுகளிலிருந்தும் மாசுகளிலிருந்தும் வரும் ஒளி அந்த ஒரு மூலக்கூறின் ஒளியை மூழ்கடித்துவிடும் என்பதால், ஒளியூட்டப்படும் இடத்தின் கன அளவை இயன்றவரை சுருக்கியும், கரைசலை மிகவும் நீர்க்கச் செய்தும்தான் இதைச் சாதிக்க வேண்டியிருந்தது. 1989-ல் கலிஃபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் டபிள்யூ. ஈ. மோர்னரும் லோதர் காடோரும், கடுங்குளிரில் வைத்த படிகம் ஒன்றில் ஒரேயொரு பென்டசீன் மூலக்கூறு ஒளியை உட்கவர்வதை அளந்தார்கள். மறு ஆண்டே பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஓரி அத்தகைய மூலக்கூறின் உடனொளிர்வைப் பதிவு செய்தார். மோர்னர் 2014-ல் வேதியியலுக்கான நோபல் பரிசை எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ.வைக் கட்டுமானப் பொருளாக எப்படி மாற்றுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: இங்கே மரபுச் செய்திக்கு வேலையே இல்லை. டி.என்.ஏ. இழையின் எழுத்துகள் எனப்படும் நான்கு வேதி அலகுகளுள் அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் இணையும் என்ற விதி மட்டுமே பயன்படுகிறது. எந்த இழை எந்த இழையோடு சேர வேண்டும் என்பதை எழுத்து வரிசையைக் கொண்டே முன்கூட்டித் தீர்மானித்துவிடலாம் என்பதால், இந்த விதியைக் கொண்டு வேண்டிய வடிவங்களைக் கட்டலாம் என்று அமெரிக்கப் படிகவியல் அறிஞர் நெட் சீமன் 1982-லேயே எழுதினார்.

அந்த எண்ணத்தைப் பலரும் எளிதில் கையாளத்தக்க முறையாக்கியவர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பால் ராதமண்ட். எம்13 என்னும் வைரஸிலிருந்து பெறப்படும், 7,249 எழுத்துகள் கொண்ட நீண்ட ஒற்றை இழையை அவர் எடுத்துக்கொண்டார். நீளமான கயிறொன்றை முன்னும் பின்னுமாக மடித்து வைத்து, அடுத்தடுத்த மடிப்புகளைச் சிறு நூல்களால் முடிச்சிட்டுப் பிணைப்பது போல, செயற்கையாகத் தயாரித்த இருநூறுக்கும் மேற்பட்ட குறு இழைகள் அந்த நீண்ட இழையை வேண்டிய வடிவில் பிணைத்து நிறுத்துகின்றன. இதை யாரும் கையால் மடிப்பதில்லை. மெக்னீசியம் உப்புக் கரைசலில் இழைகளையெல்லாம் ஒன்றாகக் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால் அவை தாமாகவே ஒழுங்குபட்டுவிடும். எதிர்மின்னூட்டம் கொண்ட இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் நெருங்கியிருப்பதற்கு மெக்னீசியம் அயனிகள் உதவுகின்றன. 2006-ல் ராதமண்ட் வெளியிட்ட கட்டுரையில் இடம்பெற்ற சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமே கொண்டவை. காகிதம் மடிக்கும் ஜப்பானியக் கலையின் பெயரால் டி.என்.ஏ. ஓரிகாமி என்று இம்முறையை அழைக்கிறார்கள்.

அந்த முகங்களைப் பார்த்து வியந்தவர்கள் பலர். ஆனால் அதைவிடப் பெரிய செய்தி, ஒவ்வொரு குறு இழையும் எந்த இடத்தில் அமரும் என்பது நமக்கு முன்னரே தெரியும் என்பதுதான். அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டு, முனையில் சாயம் கோத்த இழையை அதற்குப் பதிலாகக் கலந்தால், அந்தச் சாய மூலக்கூறு நாம் குறித்த இடத்திலேயே, சில நானோமீட்டர் பிசகுக்குள், சென்று அமரும். டின்னெஃபெல்டின் பிற்கால ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வசதியின் மீதுதான் எழுந்து நிற்கின்றன.

கேள்வி: அளவுகோல் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொண்டு எதை அளக்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: நுண்ணோக்கியையே அளக்கிறார்கள். ஆபேயின் வரம்பைக் கடக்கும் நுண்ணோக்கிகள் வந்த பிறகு, அவை காட்டும் படம் உண்மைதானா என்று சரிபார்க்க, இடைவெளி முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருள் தேவைப்பட்டது. மூனிச்சின் ஃபிரீட்ரிஷ் சிம்மல் குழுவுடன் சேர்ந்து டின்னெஃபெல்டின் குழு 2009-ல் ஓரிகாமித் தகட்டின் மீது இரு சாய மூலக்கூறுகளை ஏறத்தாழ 90 நானோமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அந்த இடைவெளியை ஒளியாலேயே அளந்து காட்டியது. அடுத்த ஆண்டு இவ்விரு குழுக்களும் வெளியிட்ட டி.என்.ஏ.-பெயின்ட் முறையில், கரைசலில் மிதக்கும் சாய இழைகள் தகட்டிலுள்ள இழைகளோடு சற்று நேரம் ஒட்டி, பின் விலகிச் செல்லும். ஒட்டும்போது மட்டும் புள்ளி மின்னும். மங்கிப்போன சாயத்தின் இடத்துக்குப் புதிய சாயம் வந்துகொண்டேயிருப்பதால், வேண்டிய அளவு நேரம் தரவு சேர்க்கலாம்.

கேள்வி: கைப்பேசியின் கேமராவால் ஒற்றை மூலக்கூறைக் கண்டறிந்தார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. அதில் ஏதேனும் மிகைப்படுத்தல் உண்டா?
– ஆய்வகத் தொழில்நுட்பர், கோயம்புத்தூர்

பதில்: மிகை இல்லை. ஆனால் அந்தக் கேமரா வெறும் மூலக்கூறைப் பார்க்கவில்லை. ஒளி பெருக்கப்பட்ட மூலக்கூறைப் பார்த்தது. உலோக நானோ துகளின் மீது ஒளி படும்போது அதிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் சேர்ந்து அலைவுறுகின்றன. இரண்டு துகள்களை நெருக்கமாக வைத்தால், அவற்றின் இடைவெளியில் மின்புலம் பன்மடங்கு வலுப்பெறும். அங்கே நிற்கும் சாய மூலக்கூறு அதிக ஒளியை ஏற்பதோடு, ஏற்றதை விரைவாகவும் உமிழ்கிறது. துகளை மிகவும் நெருங்கிவிட்டாலோ அதன் ஒளியை உலோகமே விழுங்கிவிடும். எனவே மூலக்கூறைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான் இதில் எல்லாமே. 2012-ல், பிரவுன்ஷ்வைக் நகரில் பணியாற்றியபோது, 100 நானோமீட்டர் விட்டமுள்ள இரு தங்கத் துகள்களை ஓரிகாமித் தூணொன்றில் பொருத்தி, இடையிலுள்ள 23 நானோமீட்டர் வெளியில் ஒரு சாயத்தை நிறுத்தி, 117 மடங்கு வரை ஒளி பெருகுவதை டின்னெஃபெல்டின் குழு காட்டியது.

அந்த இடைவெளி சாயத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் பயனில்லை, நோய்க்கிருமியின் டி.என்.ஏ. துண்டும் உள்ளே வந்து ஒட்ட இடம் வேண்டும். 2021-ல் வெளியான வடிவமைப்பில், துகள்களுக்கு இடையிலுள்ள வெளியைத் தடையின்றித் திறந்து வைத்தார்கள். ஒளி சராசரியாக 89 மடங்கும், அதிகபட்சம் 461 மடங்கும் பெருகியது. 8 டாலர் விலையுள்ள வில்லையும் சாதாரணக் கைப்பேசிக் கேமராவும் அதைக் காணப் போதுமானவையாக இருந்தன. மின்கலத்தில் இயங்கும் அந்தச் சிறு கருவியை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டு சென்று, மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியாவுக்கே உரிய டி.என்.ஏ. வரிசையைக் கண்டறிந்தார்கள். விலையுயர்ந்த கருவிகளுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு திறன் முதன்முறையாக வெளியே நடந்து வந்தது என்பதால், இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் இது கொள்கையை மெய்ப்பித்துக் காட்டும் சோதனை. மருத்துவமனையில் எடுக்கும் மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது, மிகக் குறைந்த அளவில் உள்ள துண்டுகள் ஒளி பெருக்கும் துகள் இணையைத் தேடி வந்து சேரப் பிடிக்கும் நேரம், தவறான ஒட்டல்களை விலக்குவது ஆகியவற்றுக்கெல்லாம் தீர்வு கண்ட பிறகே உங்கள் ஆய்வகத்துக்கு இப்படியொரு கருவி வர முடியும்.

கேள்வி: நம் நாட்டில் டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பத்தில் யாரேனும் பணியாற்றியிருக்கிறார்களா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் ஊரில் படித்தவர் ஒருவரையே சொல்லலாம். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்ற யமுனா கிருஷ்ணன், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றியபோது, உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மை மாறுவதைச் சாயங்களின் ஒளி மாற்றத்தால் காட்டும் டி.என்.ஏ. கருவியை 2009-ல் உருவாக்கினார். அவருடைய ஆய்வு ஒற்றை மூலக்கூறை நோக்கியதன்று. செல்லின் உள்ளுறுப்புகளை நோக்கியது. 2014-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அங்கே லைசோசோம்களுக்குள் (செல்லின் கழிவுகளைச் சிதைக்கும் உள்ளுறுப்புகள்) இருக்கும் குளோரைடு, கால்சியம் அயனிகளின் அளவையும் இதே வழியில் அறியும் டி.என்.ஏ. உணரிகளை உருவாக்கியிருக்கிறார்.