குழந்தைகளுக்கு டிபி: ஆய்வில் யாரை எந்தப் பெட்டியில் போடுவது? (கேள்வி பதில்)

குழந்தைகளின் நுரையீரல் காசநோய் (டிபி) ஆய்வுகளில் நோயை வகைப்படுத்தும் முறை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மருத்துவ மாணவி: கிருமி இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை. இதற்குத் தனி வரையறை எதற்கு டாக்டர்?

பெரியவர்களுக்கு ஓரளவு சரி. சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்ப மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். விடியற்காலை வெறும் வயிற்றில், மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பை நீர் எடுக்கிறோம். அதிலும் கிருமி சொற்பம்தான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வைத்து ஆறு வாரம் காத்திருந்தாலும் பலருக்கு ஒன்றும் வளராது. அந்தப் பிள்ளைகளை ஒரு ஆய்வு டிபி என்கிறது, இன்னொன்று நிமோனியா என்கிறது. அப்புறம் இரண்டின் எண்களையும் எப்படி ஒப்பிடுவது?

அரசு மருத்துவர்: அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு டிபியா என்று முடிவு செய்யும் பழைய மதிப்பெண் அட்டைகள் போதாதா சார்?

1987இல் பப்புவா நியூ கினியில் எட்வர்ட்ஸ் தந்தது போல நிறைய அட்டைகள் உண்டு. ஒரே பிள்ளைக்கு ஒவ்வொரு அட்டையும் ஒரு தீர்ப்புச் சொல்லும். எச்.ஐ.வி.யோ ஊட்டச்சத்துக் குறைவோ இருந்தால் டிபி இல்லாமலே எடை குறையும், மதிப்பெண் ஏறும். டிபி தொற்றைச் சோதிக்கத் தோலில் போடும் மான்டூ ஊசியின் இடமோ, டிபி இருந்தாலும் தடிக்காமல் போகலாம்.

ஆய்வு உதவியாளர்: அப்படியென்றால் இப்போது எதைப் பின்பற்றுவது?

2012இல் வல்லுநர் குழு ஐந்து வகை சொன்னது. அவற்றில் ‘அநேகமாக டிபி’, ‘டிபி இருக்கலாம்’ இரண்டையும் பிரிப்பது நடைமுறையில் பெரும்பாடு. 2015இல் மூன்றாக்கினார்கள்: உறுதியானது, உறுதிப்படாதது, வாய்ப்புக் குறைவு. கல்ச்சரிலோ, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையிலோ கிருமி தெரிந்தால் முதல் வகை. தெரியாவிட்டால் நான்கைப் பாருங்கள்: அறிகுறிகள், எக்ஸ்ரே, டிபி நோயாளியுடன் நெருக்கம் அல்லது தொற்றுச் சோதனை பாசிட்டிவ், மருந்துக்குத் தேறியது. இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் உறுதிப்படாத டிபி. மருந்துக்குத் தேறியதை மட்டும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சாதாரணச் சளியும் ஒரு மாதத்தில் தானே போகும். எக்ஸ்ரேயை இருவர் தனித்தனியே படிக்கட்டும், முரண்பட்டால் மூன்றாமவர்.

அதே உதவியாளர்: நாங்கள் மதிப்பிடுவது மலத்தில் செய்யும் ஜீன்எக்ஸ்பர்ட். அதில் பாசிட்டிவ் வந்தால் உறுதியானது என்று சேர்க்கலாமா?

கூடாது. பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்துவது போலாகிவிடும். வகை பிரிப்பவருக்கு அந்த முடிவு தெரியவே கூடாது.

ஒரு அம்மா: பையனுக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று ஆறு மாத மருந்து கொடுக்கிறார்கள். கிருமி தெரியவில்லை. நிறுத்தலாமா டாக்டர்?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மேலே சொன்ன வகைகள் ஆய்வுக்கு. சிகிச்சை தொடங்க அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளைகளுக்கு டிபி மருந்துக் காலத்தைக் குறைக்கலாமா என்று பார்த்த ஷைன் ஆய்வில் 1204 பிள்ளைகள் இருந்தார்கள், சென்னைப் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலோருக்குக் கிருமி உறுதியாகவில்லை. தீவிரமில்லாத டிபிக்கு நான்கு மாதமே போதும் என்று 2022இல் முடிவு வந்தது. உங்கள் பையனுடையது தீவிரமில்லாத வகையா, எதை வைத்து டிபி என்றார்கள் என்று எக்ஸ்ரேயோடு போய் மருத்துவரிடமே கேளுங்கள்.