சிறு குழல் வைல்ட்கேட் தோட்டாக்கள்: எந்தக் குண்டு, எந்த மருந்து?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. தொழிற்சாலைகள் செய்து விற்காத, ஆர்வலர்கள் ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் பித்தளை உறையின் கழுத்தைச் சுருக்கியோ தோளை மாற்றியோ தாங்களே உருவாக்கிக்கொள்ளும் ‘வைல்ட்கேட்’ தோட்டாக்களுக்கு, அதிலும் .17, .20, .22 (அங்குலத்தில் விட்டம்) ஆகிய சிறு குழல்களுக்கு, குண்டையும் அதைத் தள்ளும் வெடிமருந்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உரிமமும் சட்ட அனுமதியும் உள்ளவர்கள் மட்டுமே தொட வேண்டிய வேலை இது. “எத்தனை கிரெய்ன் (பவுண்டில் 7,000-இல் ஒரு பங்கு எடை) மருந்து போடலாம்?” என்று நேரடியாகக் கேட்டவர்களுக்கு நான் எண் எதையும் தரவில்லை. அதற்கான காரணம் கீழுள்ள பதில்களிலேயே இருக்கிறது.

கேள்வி: ஐயா, .17 அளவில் ஒரு வைல்ட்கேட் ரைஃபிள் என் கைக்கு வந்திருக்கிறது. தோட்டா நிரப்பத் தொடங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது குண்டா, மருந்தா?

பதில்: குண்டைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் அந்தக் குழலை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். துப்புரவுக் கம்பியின் முனையில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் செலுத்துங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் கம்பியாக அது இருக்க வேண்டும். கம்பியின் மேற்புறத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து மெல்லத் தள்ளினால், உட்புரியின் (குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின்) வழியே துணி சுழல, கம்பியும் சேர்ந்து சுழலும். புள்ளி மீண்டும் மேலே வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்ததோ அதுவே உங்கள் குழலின் முறுக்கு. .17 ரெமிங்டனுக்கு 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .204 ரூகருக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பழைய .22-250 குழல்களுக்கு 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பவை வழக்கமான அளவுகள். வைல்ட்கேட் குழலைச் செய்தவர் எந்த முறுக்கைத் தேர்ந்தெடுத்தார் என்பதை, அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

முறுக்கு தெரிந்துவிட்டால் குண்டுகளில் பாதி தாமாகவே விலகிவிடும். குண்டு நிலையாகப் பறப்பதற்குத் தேவையான முறுக்கை அதன் எடையைக் காட்டிலும் அதன் நீளமே அதிகம் தீர்மானிக்கிறது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால், முழுக்கச் செம்பால் ஆன குண்டு அதே எடையுள்ள ஈய உட்கருக் குண்டைவிட நீளமாக இருக்கும். ஆகவே 14 அங்குல முறுக்குக் குழலில் 55 கிரெய்ன் எடையுள்ள சாதாரணத் தட்டை அடிக் குண்டு ஒழுங்காகப் போவதைக் கண்டு, அதே எடையுள்ள செம்புக் குண்டும் அப்படியே போகும் என்று நம்ப முடியாது. இலக்கு அட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை போன்ற நீண்ட கிழிசல் விழுந்தால், குண்டு தள்ளாடிக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள். அதை மருந்தை மாற்றிச் சரிசெய்துவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. பிறர் செய்வித்த வைல்ட்கேட் என்றால், அதன் அறைக்கு (தோட்டா அமரும் இடத்துக்கு) அச்சு எடுக்காமல் எதையும் நிரப்பாதீர்கள். கொதிநீரின் சூட்டுக்கும் குறைவான வெப்பத்தில் உருகும் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை இதற்காகவே விற்கிறார்கள். ஒரே பெயருள்ள வைல்ட்கேட் இரண்டு துப்பாக்கிகளில் இரண்டு அளவாக இருப்பது மிகச் சாதாரணம். அறையைக் கடைந்த கருவி எதுவோ அதுவே அந்தத் தோட்டாவின் உண்மையான அளவு.

கேள்வி: .223 ரெமிங்டன் உறையின் கழுத்தை .20 ஆகச் சுருக்கிப் பயன்படுத்துகிறேன். என் குண்டு 32 கிரெய்ன்தான். .223-இல் 40 கிரெய்ன் குண்டுக்கு அச்சிட்ட அட்டவணை என்னிடம் இருக்கிறது. குண்டு இலேசாகிவிட்டதால் அதே மருந்தை அதே அளவில் போடுவது பாதுகாப்பானதுதானே?

பதில்: அல்ல. இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மருந்து எரியத் தொடங்கியதும் வாயு பெருகுகிறது, அழுத்தம் ஏறுகிறது, குண்டு முன்னே நகர்கிறது. குண்டு நகர நகர அதன் பின்னால் இடம் விரிவதால், ஏறும் அழுத்தத்துக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. குழலின் விட்டம் சிறுக்கும்போது, குண்டு ஓர் அங்குலம் நகர்ந்தால் பின்னால் விரியும் இடமும் சிறுத்துவிடுகிறது. வாயு தள்ளுவதற்குக் கிடைக்கும் குண்டின் அடிப்பரப்பும் குறைகிறது. உறைக்குள் இருக்கும் மருந்தோ அதே அளவு. ஆகவே அதே மருந்து சிறு குழலில் வேகமாகவும் செங்குத்தாகவும் அழுத்தத்தை ஏற்றுகிறது.

‘இலேசான குண்டு’ என்ற எண்ணமும் இங்கே ஏமாற்றிவிடும். பார்க்க வேண்டியது எடையை மட்டும் அல்ல. எடையை விட்டத்தின் வர்க்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், .224 அங்குல விட்டமுள்ள 40 கிரெய்ன் குண்டுக்கு 0.114 வருகிறது. உங்கள் .204 அங்குல, 32 கிரெய்ன் குண்டுக்கு 0.110 வருகிறது, ஏறத்தாழ ஒன்றுதான். .172 அங்குல விட்டமுள்ள 25 கிரெய்ன் குண்டுக்கோ 0.121 வருகிறது. கையில் எடுத்தால் கனமே தெரியாத அந்தச் சின்னஞ்சிறு குண்டு, மருந்தின் பார்வையில் .22-இன் 40 கிரெய்ன் குண்டைவிடக் கனமானது.

அப்படியென்றால் எங்கிருந்து தொடங்குவது? அதே குழல் விட்டத்தில், உங்கள் உறையின் கொள்ளளவுக்கு மிக அருகில் உள்ள, ஆனால் அதைவிடச் சற்றுச் சிறிய, முறையாகச் சோதித்து அச்சிடப்பட்ட தோட்டாவைத் தேடுங்கள். அதன் தொடக்க அளவுதான் உங்களுக்கும் தொடக்க அளவு. .20 விட்டத்தில் எல்லோரும் உடனே .204 ரூகரின் அட்டவணையை எடுப்பார்கள். 2004-இல் வந்த அந்தத் தோட்டா .222 ரெமிங்டன் மேக்னம் உறையிலிருந்து பிறந்தது; .223 உறையைவிடக் கொள்ளளவு கூடியது. ஆகவே அதன் உச்ச அளவு உங்கள் உறைக்கு அதிகப்படியாகிவிடும். கொள்ளளவை ஊகிக்க வேண்டாம். உங்கள் துப்பாக்கியில் சுட்ட, மறு அளவாக்கம் செய்யாத (மீண்டும் பழைய அளவுக்குச் சுருக்காத) உறையைப் பழைய பிரைமரோடு (அடியில் உள்ள பற்றவைப்பானோடு) அப்படியே எடுத்து, வெறுமையாக ஒரு முறையும் விளிம்புவரை நீர் நிரப்பி ஒரு முறையும் எடை போட்டால், வித்தியாசமே கொள்ளளவு. அந்த எண்ணைக் குவிக்லோட் போன்ற கணினி நிரலில் இட்டுப் பார்ப்பது நல்ல துணை. ஆனால் அது தருவது மதிப்பீடு மட்டுமே.

அழுத்த எல்லையும் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது. அமெரிக்கத் தர அமைப்பான சாமி, சதுர அங்குலத்துக்கு .223 ரெமிங்டனுக்கு 55,000 பவுண்டும், .204 ரூகருக்கு 57,500 பவுண்டும், .22-250-க்கு 65,000 பவுண்டும் வரையறுத்திருக்கிறது. வைல்ட்கேட்டுக்கு யாரும் எல்லை வகுத்துத் தருவதில்லை. தாய்த் தோட்டாவின் எல்லையைத் தாண்டாமல் இருப்பதே அறிவுடைமை.

கேள்வி: குச்சி வடிவ மருந்து நல்லதா, உருண்டை மருந்து நல்லதா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: எரிவேகம் பொருந்தினால் இரண்டுமே நல்லவை. ஆனால் மிகச் சிறிய உறைகளில் உருவமும் ஒரு காரணியாகிறது. .17 கழுத்தின் வாய் மிகக் குறுகியது. நீண்ட குச்சி மருந்து புனலின் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்கே விழுந்து பாலம் போட்டு நின்றுவிடும். தட்டியதும் ஒரு பகுதி இறங்கும், மீதி அடுத்த உறைக்குள் போகும். ஓர் உறை குறைவாகவும் அடுத்தது கூடுதலாகவும் நிரம்புவதைவிட ஆபத்தானது வேறில்லை. உருண்டை மருந்தும் குறுகத் தறித்த குச்சி மருந்தும் நீர்போல இறங்குகின்றன. 10 கிரெய்ன் அளவே கொள்ளும் உறையில் 0.1 கிரெய்ன் பிழை என்பது நூற்றில் ஒன்று. 50 கிரெய்ன் கொள்ளும் பெரிய உறையில் அதே பிழை ஐந்நூறில் ஒன்றுதான். ஆகவே உச்சத்தை நெருங்கும்போது ஒவ்வோர் அளவையும் தராசில் நிறுத்தே போடுங்கள்.

எரிவேகத்தைப் பொறுத்தவரை, உறை சிறிதாகவும் குண்டு இலேசாகவும் இருந்தால் வேகமான மருந்தும், உறை பெரிதாகவும் குழல் சிறிதாகவும் இருந்தால் மெதுவான மருந்தும் பொருந்தும். .22 ஹார்னெட் உறையளவுக்கு லில்கன், எச்110 ஆகியவையும், .221 ஃபயர்பால் உறையளவுக்கு 4198, எச்322 ஆகியவையும், .223 உறையளவுக்கு எச்322, பெஞ்ச்மார்க், விஹ்தவூரி என்133 ஆகியவையும், .22-250 அளவுக்கு வார்கெட், எச்380 ஆகியவையும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. உறையை ஏறத்தாழ நிறைக்கும் மருந்தையே நான் விரும்புவேன். பற்றுதல் சீராக இருக்கும். தவறி இரு மடங்கு போட்டாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே எண்ணைத் தாங்கியிருப்பதால் இரண்டு மருந்துகளை ஒன்றென்று எண்ணாதீர்கள்: ஐஎம்ஆர் 4198 வேறு, எச்4198 வேறு. எரிவேகப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடுவதும் கூடாது. அந்தப் பட்டியல் வரிசையைச் சொல்கிறதே ஒழிய இடைவெளியைச் சொல்வதில்லை.

எச்380 என்ற பெயரே வைல்ட்கேட் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரி இராணுவ மருந்தை வாங்கி விற்ற புரூஸ் ஹாட்ஜ்டன், அப்போது வைல்ட்கேட்டாக இருந்த .22-250-இல் பெயரில்லாத ஓர் உருண்டை மருந்தை 38.0 கிரெய்ன் போட்டுச் சுட்டபோது குண்டுகள் ஒரே துளையில் குவிந்தனவாம். அந்த 38.0-தான் மருந்துக்கே பெயராகிவிட்டது. அது அவருடைய துப்பாக்கிக்கும் அந்தக் காலத்து மருந்துத் தொகுதிக்கும் பொருந்திய எண். இன்றைய அளவாக யாரும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 1930-களில் ஆர்வலர்கள் உருவாக்கிய .22-250-ஐ ரெமிங்டன் நிறுவனம் 1965-இல்தான் தரப்படுத்தி விற்றது. அதுவரை முப்பது ஆண்டுக் காலம் அது வைல்ட்கேட்டாகவே வாழ்ந்தது.

கேள்வி: சில குண்டுகள் இலக்கு அட்டையைத் தொடுவதே இல்லை. நடுவழியில் சாம்பல் நிறக் கீற்று மட்டும் தெரிகிறது. காரணம் என்ன?

பதில்: குண்டு வானிலேயே சிதறுகிறது. விநாடிக்கு 4,000 அடி வேகத்தில், 9 அங்குல முறுக்குக் குழலிலிருந்து வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு 3,20,000 சுற்று சுழல்கிறது. வேகத்தை 720-ஆல் பெருக்கி, முறுக்கின் அங்குல அளவால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். ஹார்னெட் போன்ற மிதவேகத் தோட்டாக்களுக்காக மெல்லிய மேலுறையோடு (ஈயக் கருவை மூடும் உலோகத் தகட்டோடு) செய்த குண்டுகள் இந்தச் சுழற்சியைத் தாங்குவதில்லை. குழல் கரடுமுரடாகத் தேய்ந்திருந்தால் அந்த மேலுறை இன்னும் எளிதில் கிழியும். குண்டுப் பெட்டியின் மேல் வேக எல்லை அச்சிடப்பட்டிருந்தால் அதை மதியுங்கள். உயர்வேகத்துக்கென்று செய்த தடித்த மேலுறைக் குண்டுக்கு மாறுங்கள். மருந்தைச் சற்றுக் குறைத்தாலும் சிக்கல் தீரலாம். ஆனால் அச்சிட்ட தொடக்க அளவுக்குக் கீழே போகக் கூடாது. மெதுவான மருந்தை மிகவும் குறைத்துப் போடுவதும் ஆபத்தே.

கேள்வி: .17 குழலில் சில சுடல்களுக்குப் பின் குறி கலைகிறது. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் குழலைச் செம்பு கரைப்பானால் சுத்தம் செய்யுங்கள். சிறு குழலில் படியும் செம்பும் கரியும் விரைவில் வேலையைக் காட்டிவிடும். பழைய .17 குழல்கள் இதற்குப் பேர்போனவை. சுத்தம் செய்தும் அதே போக்குத் தொடர்ந்தால், தூய்மையாக எரியும் மருந்தையும் வேறு நிறுவனத்தின் குண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: தொடக்க அளவில்தான் நிரப்பினேன். ஆனாலும் போல்ட்டை (அறையை மூடும் தாழை) திறப்பது கடினமாக இருக்கிறது, பிரைமரும் தட்டையாகிவிட்டது. மருந்து இவ்வளவு குறைவாக இருந்தும் ஏன்?

பதில்: சுடுவதை உடனே நிறுத்துங்கள். தொடக்க அளவிலேயே இந்த அறிகுறிகள் தெரிந்தால், மருந்தை இன்னும் குறைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. பிரைமர் தட்டையாகாமல் இருப்பது அழுத்தம் குறைவு என்பதற்குச் சான்றாகாது. ஆனால் போல்ட் இறுகினால் அழுத்தம் ஏற்கெனவே அளவு கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

நான் முதலில் சந்தேகிப்பது கழுத்தை. .22 உறையை .17 ஆகச் சுருக்கும்போது பித்தளை எங்கும் போய்விடுவதில்லை. கழுத்துச் சுவர் தடித்துவிடுகிறது. குண்டு ஏறிய கழுத்து, அறையின் கழுத்துப் பகுதியில் இறுகப் பிடித்துக்கொண்டால், குண்டை விடுவிக்க அது விரிய முடியாது. மருந்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் அழுத்தம் எகிறும். சுட்ட உறை ஒன்றை எடுத்து, அதன் வாய்க்குள் புதிய குண்டு ஒன்றை விரலால் நுழைத்துப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் கழுத்துக்கு இடம் இருக்கிறது. தடுத்தால் இடம் இல்லை. பின்னர் குண்டேற்றிய தோட்டாவின் கழுத்து விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அச்சில் கிடைத்த அறைக் கழுத்தின் விட்டத்தோடு ஒப்பிடுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்காவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தின் வெளிச்சுவரைக் கடைந்து மெலிவித்து, நிரப்பிய தோட்டாக்கள் அனைத்தையும் குண்டு இழுவியால் பிரித்து, கழுத்துகளை அளந்த பிறகே மீண்டும் தொடக்க அளவில் நிரப்ப வேண்டும். கழுத்தில் குறையே இல்லை என்று தெரிந்தால், உறையின் மொத்த நீளத்தையும், குண்டு புரியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்பதையும், மருந்துப் புட்டியின் பெயர்ச்சீட்டையும் இதே வரிசையில் சரிபாருங்கள்.