ஒழுங்கில்லாமல் இருக்க முடியவில்லை, ஒழுங்காக வைக்கவும் முடியவில்லை!

கேள்வி: எனக்கு வயது 35. மேலூர் பக்கம் வீடு, மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கணவர், ஆறு வயது மகன், அத்தை எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். “கெட்டிக்காரி, ஆனா பொறுப்பு கிடையாது” என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். போன மாதம் மனநல மருத்துவர் ஒருவர் மூன்று முறை வரச்சொல்லிப் பேசிவிட்டு, எனக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) இரண்டும் இருப்பதாகச் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயத்தில் இன்னும் வாங்கவில்லை. பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் எனக்கு அழுகையே வந்துவிடும். ஆனால் எதையும் இடத்தில் வைக்காதவளும் நான்தான். ஒரே ஆளுக்குள் இது எப்படி டாக்டர்? சில நாள் காலையில் கண் விழிக்கவே பிடிப்பதில்லை. என்னால் மற்றவர்கள் மாதிரி நன்றாக வாழ முடியுமா?

பதில்: கடைசியில் ஒற்றை வரியாக எழுதிவிட்டுப் போனீர்களே, கண் விழிக்கவே பிடிப்பதில்லை என்று, அதைத்தான் முதலில் பேச வேண்டும். அது களைப்பா, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு இருக்கும் இந்த இரண்டு நிலைகளோடும் மனச்சோர்வு அடிக்கடி சேர்ந்து வருகிறது. அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, நன்றாகக் கேட்கும். உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லியிருக்காவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி என்று நீங்கள் மட்டும் கேட்கவில்லை, மருத்துவ உலகமே வெகுநாள் அப்படித்தான் கேட்டது. நான் மேற்படிப்பு படித்த காலத்தில் மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய நாங்கள் பின்பற்றிய அமெரிக்கக் கையேட்டில், ஆட்டிசம் இருப்பவருக்கு ஏடிஎச்டி என்று எழுதவே கூடாது என்று விதி இருந்தது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குமுன் என்னிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பாதியை மட்டும் பார்த்து அனுப்பினேனோ என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. உங்கள் பள்ளிக்கூட நாட்களில் ஓடியாடும் பையன்களைத்தான் கவனித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கனவு கண்டுகொண்டே நல்ல மார்க் வாங்கிய பெண்ணை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. 35 வயதுவரை யாருக்கும் தெரியாமல் போனது உங்கள் குற்றமில்லை.

ஆட்டிசம் உள்ள மூளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். சத்தம், வெளிச்சம், வாசனை எல்லாம் வடிகட்டாமல் உள்ளே வருவதால், பழகிய ஒழுங்குதான் அதற்கு நிழல். ஏடிஎச்டி உள்ள மூளையோ, தேவை என்பதற்காக மட்டும் ஒரு வேலையில் இறங்காது. புதுசாக இருக்க வேண்டும், பிடித்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைக்குமேல் வந்திருக்க வேண்டும். டோபமின், நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருட்களின் போக்கு அதில் வேறுமாதிரி இருக்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை மறந்து அடுக்களை டப்பா அத்தனையையும் வரிசையாக அடுக்குவீர்கள். புதன்கிழமைக்குள் அதே கையால் கலைத்திருப்பீர்கள். வியாழக்கிழமை மஞ்சள்தூள் டப்பா கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து அழுவீர்கள். அத்தைக்கு அது ‘பொறுப்பில்லாதவள்’ என்று தெரியும். உண்மையில் ஒரு போக்கு கேட்ட ஒழுங்கை இன்னொரு போக்கு காக்கவிடவில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் ஒன்றுக்கு மட்டும் சொல்லப்படும் யோசனைகள் உங்களுக்குப் பலிப்பதில்லை. ‘நிமிடத்துக்கு நிமிடம் அட்டவணை போடு’ என்றால் நாலாம் நாள் அலுத்துவிடும். ‘மனம் போனபடி செய்’ என்றால் இரண்டாம் நாளே பதற்றம் வந்துவிடும். என் அனுபவத்தில் இருவகையும் சேர்ந்தவர்களுக்கு ஒத்துவருவது ஒன்றுதான்: புள்ளி மாறக்கூடாது, கோலம் மாறலாம். வாசலில் சிக்குக் கோலம் போடும்போது புள்ளியை அளவாக வைத்துவிட்டு, இழையை அன்றைக்குத் தோன்றியபடி வளைப்பதில்லையா? நாளுக்கும் அப்படி நாலைந்து புள்ளி வையுங்கள். எழும் நேரம், மதியச் சாப்பாடு, வீட்டுக்கு வந்ததும் அரைமணி ஓய்வு, படுக்கும் நேரம். இவை விடுமுறையிலும் நகரக்கூடாது. நடுவில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதை அன்றன்றைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டை ஏன் சேர்த்தேன் என்றால், உங்களைப்போன்ற பலருக்குப் பசி, தாகம், சிறுநீர் முட்டுவது எல்லாம் தாமதமாகத்தான் உறைக்கும். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உங்களுக்கும் இருக்கும். சாயங்காலம் காரணமில்லாமல் மகனிடம் எரிந்து விழுவதற்குப் பாதிக் காரணம் அந்த டப்பாதான். பசி வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு மணிக்கு அலாரம் அடித்தால் சாப்பிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீருக்கும் இதேதான்.

ஆபீஸ் விஷயம். ஜிஎஸ்டி கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தால்கூடக் கண்டுபிடிக்கிறவராக இருப்பீர்கள், ஆனால் கணக்குத் தாக்கலுக்குக் கெடுவான மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்வரை கை ஓடாது. ‘நாளைக்குள் முடிக்கணும்’ என்பது உங்கள் மூளைக்கு எட்டாத தூரம். வேலையைத் துண்டாக்கி, முதல் துண்டை அற்பமாக வையுங்கள்: ஃபைலைத் திறந்து மேஜையில் வைப்பது மட்டும். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் பலருக்கு வேலை நகர்கிறது. சகஊழியரிடம் கேட்டுக்கொள்ளலாம். வாயால் சொல்லும் வேலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும்படி கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. சான்றிதழ் வாங்குவதா, ஆபீஸில் சொல்வதா என்பதை ஆறப்போட்டு யோசியுங்கள், அவசரமே இல்லை.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு முறை என் எதிரே வந்து உட்கார்ந்த இளைஞர், பெயர் சொல்வதற்கு முன்னே, “அந்த டியூப்லைட்டை அணைக்கலாமா சார்?” என்று கேட்டார். அணைத்தேன். காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. பழைய சோக் ஒன்று அதில் ரீங்கரித்துக்கொண்டிருந்திருக்கிறது. வருடக்கணக்கில் அதன் கீழே உட்கார்ந்த எனக்கு அது கேட்டதே இல்லை. அவருக்கு அது என் பேச்சளவுக்குக் கேட்டிருக்கிறது. நீங்கள் மேலூரிலிருந்து ஏர் ஹாரன், பஸ்ஸில் அலறும் பாட்டு, மாட்டுத்தாவணியின் கூச்சல் எல்லாவற்றையும் தாண்டி ஆபீஸ் போய்ச் சேரும்போதே பாதித் தெம்பு போயிருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். கண்டக்டர் கூப்பிடுவது கேட்கும், உறைப்பு மட்டும் குறையும். ரோட்டைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அரைமணி, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், யாரிடமும் பேசாமல்.

திருவிழாவும் இப்படித்தான். குடும்பமே அழகரைப் பார்க்கக் கிளம்பும்போது ‘நான் வரலை’ என்று சொல்லி ஊர்ப்பழி வாங்கவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு விடியவிடியக் கூட்டத்தில் நிற்கவும் வேண்டாம். தல்லாகுளம் பக்கம் தெரிந்தவர் வீட்டு மாடி இருந்தால் எதிர்சேவையை அங்கிருந்து பாருங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே கணவரிடம் பேசி வைத்துவிடுங்கள். மறுநாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘மற்றவர்கள் மாதிரி’ நடிப்பதில் செலவாகும் சக்தி சேர்ந்து சேர்ந்துதான், ஒருநாள் கை கால் ஓடாத சோர்வாக வந்து நிற்கிறது. உங்கள் விடியற்காலைச் சலிப்பில் அதுவும் கலந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி மாத்திரை. பெயரை எழுதவில்லை, பெரும்பாலும் மெதில்பெனிடேட் அல்லது அடோமாக்ஸெடினாக இருக்கும். இரண்டும் ஏடிஎச்டிக்குத்தான். ஆட்டிசத்தை மாற்றும் மாத்திரை கிடையாது, அது மாற்ற வேண்டிய நோயும் இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தைப் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். மெதில்பெனிடேட் சில நாட்களிலேயே பலன் காட்டும். அடோமாக்ஸெடினுக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். பசி குறைவது, தூக்கம் கெடுவது, நெஞ்சு படபடப்பது வரலாம். ஆட்டிசமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இவை சற்று அதிகம் வருவதால், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவதுதான் முறை. தொடங்குமுன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்திருக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு இருந்தால், நீங்கள் கர்ப்பத்துக்கு முயன்றால், தவறாமல் சொல்லுங்கள். தைராய்டும் ரத்தசோகையும்கூடக் கவனத்தைக் கெடுக்கும், அந்தப் பரிசோதனை செய்யவில்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிலர் என்னிடம், “தலைக்குள் இரைச்சல் அடங்கிருச்சு டாக்டர், ஆனா இப்ப வெளிச்சத்தம் கூடுதலாத் தெரியுது” என்பார்கள். ஒன்று அடங்கும்போது மற்றது துலக்கமாகத் தெரிவது உண்டு. அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அளவை மாற்றிப் பார்க்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எல்லாமே மோசமாகிறது என்று பல பெண்கள் சொல்கிறார்கள். தேதியோடு குறித்து வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

பயத்தோடு சீட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பதைவிட, அதே மருத்துவரிடம் போய் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்வது நல்லது. பேச்சு வராமல் போகலாம், அதனால் எழுதி எடுத்துப் போங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். “அவங்க கத்தியது கோபமில்லை, தாங்க முடியாமல்தான்” என்பதை அவர் ஒரு மருத்துவர் வாயிலிருந்து கேட்பது உங்கள் வீட்டில் பல சண்டைகளைக் குறைக்கும். அத்தைக்கு ஆட்டிசம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விருந்தாளி வருவதாக இருந்தால் முன்னாடியே ஒரு போன் போதும் என்று கேளுங்கள், அடுக்களையில் மஞ்சள்தூளுக்கு உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பாட்டில் வாங்கி வையுங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். இரண்டும் குடும்பத்தில் ஓடக்கூடியவைதான். அதற்காக அவனுக்கும் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். டீச்சர் சொல்வதைக் கேளுங்கள், அவன் விளையாடுவதைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். என்னதான் இருந்தாலும், சட்டைக் காலரில் லேபிள் உறுத்துகிறது என்று அவன் ஒருநாள் அழுதால், ‘அடம் பிடிக்காதே’ என்று சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டிவிட உங்கள் வீட்டில் ஒருவராவது இருக்கிறார்.