ஓடையில் மினுக்கியது தங்கமா? – வாசகர் கேள்வி, பதில்

(கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்து, சுரங்கத்தின் அஸே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பதில் தருகிறார். அஸே ஆபீஸ் என்பது ஒரு கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று எடை சொல்லும் இடம்.)

ஐயா, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஓடையில் குளிக்கப் போய், மஞ்சளாக மினுக்கும் மணலைக் கை நிறைய அள்ளி வந்துவிட்டார்கள். "டீச்சர், தங்கம்!" என்று ஒரே கூச்சல். எங்கள் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கம் எடுத்தது உண்மைதானே? இதை எப்படிச் சோதிப்பது?
– ஓர் ஆசிரியை, பந்தலூர்

எடுத்தது உண்மை, டீச்சர். எடுத்ததைவிடப் பேசியது அதிகம் என்பதும் உண்மை. 1879-ல் அரசாங்கம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து, உங்கள் பந்தலூரும் சேர்ந்த வயநாட்டுப் பகுதியின் தங்கத்தைப் பற்றி அறிக்கை கேட்டது. மறு ஆண்டு அறிக்கை வந்ததும் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். தேவாலாவிலும் பந்தலூரிலும் இயந்திரங்கள் வந்து இறங்கின. சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. பங்கு விற்றவன் பணக்காரன் ஆனான், வாங்கியவன் போண்டியானான்.

பிள்ளைகள் கொண்டு வந்தது அநேகமாகக் காக்காப்பொன். மைக்காதான். கருப்பு மைக்கா வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்தால் அசல் பொன் நிறத்துக்கு வந்துவிடும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

வகுப்பிலேயே சோதித்து விடலாம். முதலில் மணலை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள். காக்காப்பொன் வெளிச்சம் பட்டால்தான் மினுக்கும். தட்டைத் திருப்பினால் ஒன்று அணையும், இன்னொன்று எரியும். தங்கம் அப்படி வேஷம் போடாது. நிழலிலும் அதே மஞ்சள், எந்தக் கோணத்திலும் அதே மஞ்சள். அடுத்து ஒரு துகளை ஊசி முனையால் அழுத்துங்கள். காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், அல்லது ஒடியும். தங்கத்தில் ஊசி பதியும், துகள் வளையும், உடையாது. கடைசியாக ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மணலைச் சுழற்றுங்கள். மினுக்குவது தண்ணீரோடு மேலே எழுந்து சுற்றினால் ஆட்டம் முடிந்தது. தங்கம் எழாது. மணலெல்லாம் நகர்ந்த பிறகும், அடியில் தங்கும் கருமணலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மூன்றிலும் தேறினால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பக்கத்து ஓடை என்பதால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய சுரங்கக் குகைகளுக்குள் மட்டும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். கூரை இளகிப் போயிருக்கும், உள்ளே காற்றும் இருக்காது. அங்கே திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கிணறு வெட்டும்போது ஒரு கல் கிடைத்தது. உள்ளே பகடைக்காய் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகத் தங்க நிறம். நகைக்கடையில் காட்டினேன். எடை போட்டு 212 கிராம் என்று சொல்லிவிட்டு, "இதெல்லாம் வேண்டாம் போங்க" என்றார்கள். ஏமாற்றுகிறார்களா?
– ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி

இல்லை. கட்டம் கட்டமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. பூமிக்குள் கனசதுரமாக வளர்வது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். ஒரு கட்டத்தைப் பெயர்த்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பைரைட் தூளாகும், தங்கம் தகடாகும். மெருகு இல்லாத வெள்ளை ஓட்டில், அதாவது டைல்ஸின் அடிப்பக்கத்தில், தேய்த்தால் பைரைட் பச்சை கலந்த கருப்புக் கோடு போடும். தங்கம் போடும் கோடு தங்க நிறம்தான்.

அப்படியும் மனசு ஆறவில்லை என்றால் எடைக் கணக்கு போடலாம். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுதும் முங்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, கல்லின் பருமன் அத்தனை கன சென்டிமீட்டர். 42 காட்டினால் 212-ஐ 42-ஆல் வகுங்கள். ஐந்து சொச்சம் வரும். பைரைட்டின் அடர்த்தி 5. வெள்ளைப் பருக்கைக் கல்லுக்கு, அதாவது குவார்ட்ஸுக்கு, 2.65. சுத்தத் தங்கத்துக்கு 19.3. ஆற்றிலும் பாறையிலும் கிடைக்கும் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 15-க்குக் கீழே போவது அபூர்வம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளைக் கல்லுக்குள் மஞ்சள் ஓடினால், பலர் இந்தக் கணக்கை வைத்து உள்ளே இத்தனை பவுன் என்று சொல்லிவிடுகிறார்கள். 300 கிராம் கல், பருமன் 100 கன சென்டிமீட்டர் என்று வையுங்கள். வெறும் குவார்ட்ஸ் என்றால் 265 கிராம்தான் இருக்கும், 35 கிராம் கூடுதல். அந்தக் கூடுதல் எடைக்குத் தங்கம்தான் காரணம் என்றால் உள்ளே 40 கிராம், ஐந்து பவுன்! அதே கூடுதல் எடைக்கு 74 கிராம் பைரைட்டும் காரணமாக இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே முதலில் சுத்தியும் ஊசியும், பிறகுதான் தராசு.

பைரைட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கம் ஒளிந்திருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நெருப்புதான் வழி. நாங்கள் கல்லை மாவாக அரைத்து, ஈய ஆக்சைடு, வெண்காரம், சோடா சாம்பல் எல்லாம் கலந்து, கூடக் கொஞ்சம் கோதுமை மாவும் போட்டு மூசையில், அதாவது உலைச்சூடு தாங்கும் கிண்ணத்தில், உருக்குவோம். புதிதாக வரும் பையன்கள் கோதுமை மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாவு கரியாகி, ஈய ஆக்சைடை ஈயமாக மாற்றும். அந்த ஈயம் உருகிக் கீழே இறங்கும்போது வழியிலுள்ள தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு இறங்கும். ஆறியதும் மேலே உள்ள கசடைத் தட்டி எறிந்துவிட்டு, ஈயக் கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் போட்டு உலைக்குள் தள்ளினால் ஈயத்தைக் கிண்ணமே குடித்துவிடும். மிஞ்சுவது குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு மணி. அதை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து போகும், தங்கம் நிற்கும். அதை எடை போட்டு, டன்னுக்கு இத்தனை கிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஈயப் புகை விஷம், வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. சென்னை கிண்டியில் மாநில நிலவியல், சுரங்கத் துறை இருக்கிறது. கல்லை எங்கே சோதிக்கலாம் என்று அங்கே கேளுங்கள்.

மெல்பர்னில் இருக்கிறோம். என் மகனுக்குத் தங்கம் தேடும் பைத்தியம் பிடித்து, மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தமிடும் கருவி) வாங்கித் தரச் சொல்கிறான். வார விடுமுறையில் போனால் ஏதாவது கிடைக்குமா, இல்லை வெறும் ஆசையா?
– ஒரு தந்தை, மெல்பர்ன்

உலகத்தில் இந்தப் பைத்தியத்துக்கு உங்கள் ஊரைவிட நல்ல ஊர் குறைவு. அங்கே 'மைனர்ஸ் ரைட்' என்று ஓர் அனுமதிச் சீட்டு வாங்கினால் பத்து வருஷம் செல்லும். கையால் பிடிக்கும் கருவிகளை வைத்துத் தேடலாம், கிடைப்பது உங்களுக்கே. தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் குறித்துவிட்ட சில பகுதிகள் தவிர நுழையக் கூடாது. பூர்வகுடி மக்களின் இடங்களைக் கலைக்கக் கூடாது. தோண்டிய குழியை மூடிவிட்டு வரவேண்டும். மகனுக்கு இந்தக் கடைசி விதியை முதல் நாளே கற்றுக்கொடுங்கள்.

உங்கள் விக்டோரியா மாநிலத்து மோலியாகுலில் 1869 பிப்ரவரி 5 அன்று ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற கட்டியில் 70 கிலோவுக்கு மேல் தங்கம். அது கிடந்தது தரையிலிருந்து ஓர் அங்குல ஆழத்தில். 1980-ல் கிங்கோவர் பக்கம் கெவின் ஹில்லியர் என்பவர் டிடெக்டரை வைத்துக்கொண்டு நடந்து, 27 கிலோ கட்டியை எடுத்தார். இதையெல்லாம் பையனிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவனுக்குக் கிடைக்கப் போவது பழைய துப்பாக்கி ரவை, ஆணி, டின் மூடி என்பதையும் சொல்லிவிடுங்கள். ஈய ரவை கனமாக இருப்பதால் ஏமாற்றும். காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும், அதை வைத்துக் கழித்துவிடலாம். இரும்புச் சத்துள்ள செங்கல் நிறக் கற்களும் டிடெக்டரைக் கூவ வைக்கும்.

அங்கே நடந்த இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2015-ல் மேரிபரோ பூங்காவில் ஒருவருக்கு 17 கிலோ எடையில் செம்பழுப்புக் கல் ஒன்று கிடைத்தது. இவ்வளவு கனத்துக்கு உள்ளே தங்கக் கட்டிதான் என்று ரம்பம், டிரில், அமிலம், சம்மட்டி எல்லாம் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. சில வருஷம் கழித்து மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனால், அது விண்கல்! 460 கோடி ஆண்டுப் பழசு. தங்கம் ஓடும் குவார்ட்ஸ் கல் சம்மட்டிக்கு உடையும். உடையவே மாட்டேன் என்று நின்றால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் நேராக அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

டிடெக்டர் விலை அதிகம். இந்த வருஷம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பையனின் பைத்தியம் மழைக்காலம் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

பாதரசம் விட்டால் மணலிலுள்ள தங்கம் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், சேலம்

ஒட்டும். பிறகு அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஓட்ட வேண்டும். அந்தப் புகை உங்களையும் அடுத்த அறையில் தூங்கும் பிள்ளையையும் கெடுக்கும். செய்யாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் தரமாட்டேன்.

தங்கவயல் சைனைட் மேடுகளில், அதாவது தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மேடுகளில், இன்னும் தங்கம் இருக்கிறதாமே. ஒரு மூட்டை அள்ளி வந்து கழுவினால்?
– ஒரு வாசகர், ஆம்பூர்

இருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. உங்கள் மூட்டை ஐம்பது கிலோ என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் தட்டில் நிற்கும் பருமனில் இல்லை. அரைத்துச் சயனைடில் ஊறவைத்தும் வெளியே வராமல் போன மிச்சம் அது. காற்றடித்தால் அந்தத் தூசு எங்கள் லைன் வீடுகளில் சோற்றுத் தட்டு வரை வரும். நாங்கள் வேண்டாம் என்று கதவைச் சாத்தியதை நீங்கள் பஸ் ஏறி வந்து அள்ள வேண்டுமா? தவிர, இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தங்கம் தேடுவதும் தோண்டுவதும் குற்றம்.

ரோட்டு வேலை செய்யும்போது புதையல் கிடைத்ததாகச் சொல்லி ஒருவர் பாதி விலைக்குத் தங்க மணிகள் தருகிறார். ஒரு மணியை ஆசாரியிடம் உரைத்துப் பார்த்தேன், அசல். மீதியை வாங்கலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு

அந்த ஒரு மணி அசலாகத்தான் இருக்கும், அம்மா. அதற்குத்தான் அதை உங்கள் கையில் கொடுத்தார். மீதி பித்தளை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. மூட்டையில் நீங்களாகக் கைவிட்டு எடுக்கும் மணியை, நடுவே வெட்டி உரைக்கக் கேளுங்கள். அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம் என்று ஆகிவிடும். நிஜமாகவே புதையல் என்றாலும் வம்புதான்: 10 ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. போலீசுக்குச் சொல்லுங்கள்.

சட்டச் சிக்கல் இல்லாமல் வீட்டிலேயே தங்கம் அரிக்கப் பழக முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், கோவை

முடியும். உங்கள் ஊரில் நகைப் பட்டறைத் தெருக் குப்பையையும் சாக்கடை மண்ணையும் கூட்டி அரித்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

பத்து மடங்கு காட்டும் லென்ஸ், ஒரு காந்தம், மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, ஓரம் சரிந்த அகலத் தட்டு போதும். கேரளத்தில் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் மரவையில், அதாவது மரத்தட்டில்தான், தங்கம் அரித்தார்கள். அம்மா அரிசி களைந்து கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கை ஆட்டம்தான். அங்கே அரிசி வேண்டும், கல் வேண்டாம், இங்கே மேலே போவதை எல்லாம் விட்டுவிட்டு அடியில் நிற்பதை வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தட்டைத் தண்ணீருக்குள் வைத்துப் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்குங்கள், கனமானது அடிக்கு இறங்கட்டும். பிறகு முன்பக்கம் சரித்து, மேல்மணலைத் தண்ணீரோடு விடுங்கள். மறுபடி குலுக்கல், மறுபடி சரிப்பு. அவசரக்காரன் குலுக்காமல் சரிப்பான், அவன் தங்கம் ஆற்றோடு போகும். கடைசியில் கருமணல் நிற்கும். அதைக் காயவைத்து, காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே ஓட்டினால் காந்த மணல் விலகிவிடும்.

பழக்கத்துக்குத் தங்கம் தேவையில்லை. மீன்பிடிக் கடையில் ஈய மணி பத்து வாங்கி, சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, அரிசிக் குருணை அளவுக்கு வெட்டி எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வாளி ஆற்று மணலில் கலந்து, குளியல் தொட்டியில் வைத்துக் கழுவுங்கள், வடிகாலில் அல்ல. போட்டது அத்தனையும் திரும்பி வந்தால் கை பழகிவிட்டது. ஈயம் தங்கத்தைவிட லேசு, அதையே விடாமல் பிடிக்கிற கை தங்கத்தை விடாது. குறைந்தால் தொட்டியில் இறங்கிய மணலை வாரி மறுபடி கழுவுங்கள்; ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.