திருத்துவதற்கு ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம் உள்ளவன், சில சொற்களே பேசுவான். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டாலே கீபோர்டில் வாசித்துவிடுகிறான். அவனைச் சேர்த்துக்கொண்ட இசையாசிரியர், "இது கடவுள் கொடுத்த வரம், நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை" என்று இரண்டே மாதத்தில் அனுப்பிவிட்டார். பயிற்சி மையத்தில், சொன்னதைச் செய்தால் மட்டும் கீபோர்டைக் கொடுங்கள் என்கிறார்கள். உறவினர்கள் தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கீபோர்டையே தொடரலாமா, வீணைக்கு மாற்றலாமா? இசையால் அவனுக்குப் பேச்சு வருமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளைவிட, அந்த ஆசிரியர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. கலை கற்பிப்பவர்கள் இத்தகைய பிள்ளைகளைக் கும்பிட்டு வெளியே அனுப்புவதைப் பற்றிச் சில காலமாகவே எழுத நினைத்திருந்தேன். வரம் என்று சொல்லிவிட்டால் கற்பிக்கும் உழைப்பு மிச்சம். மரியாதையான சொற்களில் உங்கள் மகனுக்குப் பாடம் மறுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாராட்டு என்று எண்ணி நீங்களும் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது.

இங்கிலாந்தின் பியானோ கலைஞர் டெரிக் பாரவிசினியின் காணொளிகளை உங்கள் உறவினர்கள் பார்த்திருக்கக்கூடும். 1979-இல், கருவின் 25-ஆவது வாரத்திலேயே பிறந்தவர், பார்வையில்லை, ஆட்டிசமும் கடுமையான கற்றல் குறைபாடும் உண்டு. கேட்ட பாட்டைக் கேட்ட சுருதியில் அவர் வாசிப்பதைக் கண்டு வியப்பவர்கள், ஆடம் ஆக்கல்ஃபோர்டு என்ற ஆசிரியரைக் கவனிப்பதில்லை. லண்டனில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் அவர் இசை கற்பித்துக்கொண்டிருந்தபோது, பெற்றோருடன் அங்கே வந்த சிறுவன் டெரிக், பியானோ ஒலி கேட்ட திசையில் ஓடி, வாசித்துக்கொண்டிருந்தவரைத் தள்ளிவிட்டுத் தானே வாசிக்கத் தொடங்கினான்; விரல் போதாத இடங்களில் கையின் ஓரத்தாலும் முழங்கையாலும் கட்டைகளை அடித்தான். மெட்டு இருந்தது, விரல்முறை இல்லை. பியானோவை விட்டு நகர மறுத்த அந்தப் பிள்ளையைத் தூக்கி அறையின் மறுகோடியில் விட்டு, அவன் திரும்பி வருவதற்குள் கிடைத்த 10 வினாடியில் ஒரு துணுக்கை வாசித்துக் காட்டியதாக ஆக்கல்ஃபோர்டு பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கிய பாடம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 9 வயதில் டெரிக் லண்டன் பார்பிக்கன் அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் பாப்ஸ் இசைக்குழுவுடன் வாசித்தபோது, அவனுடைய காதோடு அந்த ஆசிரியரின் பிடிவாதமும் மேடையில் இருந்தது.

என் இளமையில், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஒரு மிருதங்க ஆசிரியர் இருந்தார். ஆட்டிசம் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவரிடம் வந்த ஒரு பையன் பேசவே மாட்டான். எந்தப் பாடத்தையும் நடுவிலிருந்து எடுக்கவும் மாட்டான். ஓரிடத்தில் தவறினால் முதல் சொல்லிலிருந்துதான் (மிருதங்க அடியின் ஒலியைச் சொல் என்போம்) மறுபடி தொடங்குவான் என்பதால், புதுப் பாடத்துக்கு நேரமே எஞ்சாது. ஆசிரியர் யோசித்துப் புதிய சொற்கட்டை, அதாவது அத்தகைய சொற்களின் கோவையை, முதலில் வைத்து, பழைய பாடத்தை அதன் பின்னால் கோத்தார். அதன் பிறகு பையன் ஒவ்வொரு முறை ஆரம்பத்துக்குத் திரும்பியபோதும் புதுப் பாடமே அவன் கைக்கு முதலில் வந்தது. கை சறுக்கினால் திட்டும் விழும். மற்ற மாணவர்களுக்கு விழுந்த அதே திட்டு. அவனை மாணவனாக மதித்த ஒரே பெரியவர் அவர்தான் என்று இன்று தோன்றுகிறது.

நம் சங்கீதப் பாடமே ஆசிரியர் பாட, மாணவன் திருப்பிப் பாடுவதுதானே? தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சலிக்காமல் பாடச் சொல்கிறோம். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று எதை வெளியே குறையாகக் குறித்து வைக்கிறார்களோ, அதுவே இங்கே படிப்பு. இவ்வளவு இசைவான பாடமுறையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்கிறார் என்றால், அவர் இரண்டு மாதமும் ரசித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார். உங்கள் மகன் வாசிப்பதில் தாளம் எங்கே ஓடுகிறது, எந்த விரல் எங்கே இடறுகிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கிறாரா? கேட்டதை வாசிக்கும் திறன் அவனிடம் இல்லாமல் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். ஆட்டிசம் உள்ளவர்களில் மிகப் பலருக்கு அந்தத் திறன் இல்லை. கற்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது.

தொலைக்காட்சிப் போட்டி வேண்டாம். பேச்சு வருமா என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். ஆனால் கீபோர்டைக் கூலியாக வைத்து அவனை வேலை வாங்காதீர்கள். அவன் முழு மனத்தோடு செய்யும் ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுவது கொடுமை. வீணையா கீபோர்டா என்பதை அவன் கை முடிவு செய்யட்டும்.

இன்னோர் ஆசிரியரைத் தேடுங்கள். பெரிய வித்வானாக இருக்கத் தேவையில்லை; தவறு காதில் விழுந்ததும் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்பவராக இருந்தால் போதும். தொடக்கத்தில் 15 நிமிட வகுப்பு, ஒரே நேரம், ஒரே அறை. மாற்றம் ஏதேனும் இருந்தால் அவனுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். முதல் சில வகுப்புகளில் அருகில் இருந்துவிட்டு, பிறகு வெளியே வந்து உட்காருங்கள். அடுத்த கடிதத்தில் அவன் எத்தனை பாட்டு வாசிக்கிறான் என்று எழுத வேண்டாம். ஆசிரியர் அவனை எந்த இடத்தில் திருத்தினார், அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்று எழுதுங்கள்.