ரோமப் படையில் குடியுரிமை இல்லாத துணைப்படையினர் எதற்காக இருந்தார்கள்?

‘ஆக்சிலியா’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘உதவிகள்’ என்று பொருள்; பேரரசுக் காலத்தில், ரோமக் குடியுரிமை பெறாத மாகாண மக்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட துணைப்படைகளை அது குறித்தது. லெஜியன் எனப்பட்ட முதன்மைப் படையில் குடிமக்களே சேரலாம். கனத்த கவசக் காலாட்படையான அதில் குதிரை வீரர்களும் வில்லாளிகளும் குறைவு என்பதால், சிரியாவின் வில்லாளிகளையும், ஆயுதத்தோடு ஆற்றை நீந்திக் கடக்கும் ரைன் கழிமுகத்துப் படாவியரையும் ரோம் சேர்த்துக்கொண்டது. வீடு கட்டும் கொத்தனார் கதவு, சன்னலுக்குத் தச்சரை அழைப்பதைப் போன்றது இது.

அவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பெரிய ஈர்ப்பு, பேரரசர் கிளாடியஸ் காலம் தொட்டு வழக்கமாகிவிட்ட ஏற்பாடுதான்: 25 ஆண்டுகள் பணியாற்றினால் குடியுரிமை. அதற்குச் சான்றாக, கம்பியால் பிணைத்து ஏழு சாட்சிகளின் முத்திரையிட்ட இரு வெண்கலத் தகடுகள் வழங்கப்பட்டன. ஒரே வாசகம் உள்ளேயும் வெளியேயும் பொறிக்கப்பட்டதால், வெளியே எழுத்தைத் திருத்தினாலும் உள்வாசகம் காட்டிக்கொடுத்துவிடும். கள்ளப் பத்திரக் கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

இவர்களை அடிமைகள் என்று பலர் எண்ணுவது தவறு: அடிமைகள் படையில் சேரச் சட்டம் இடங்கொடுக்கவில்லை, துணைப்படையினர் சுதந்திர மனிதர்களே.